அஸ்கரி அக்காவின் பிறை

எங்கள் கொல்லைக்குத் தொலைநோக்கி வந்து சேர்ந்த நாளில் கேலி செய்யாத ஒரே ஆள் அஸ்கரி அக்காதான்.

அரூரில் மின்வாரிய அலுவலகத்துக் கிளார்க் ஒருத்தி இப்படி ஒரு பொருளை வாங்குவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெட்டியின் நீளத்தைப் பார்த்து எதிர்வீட்டுப் பாஞ்சாலி கட்டில் என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர் ஹீட்டர் என்றார்கள். லாரி ஓட்டும் என் கணவர் வீரமணி, நாசிக் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர், கொல்லையில் நின்றதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னாடி, பீரங்கி வாங்கி வெச்சிருக்கற? யார் மேல படையெடுக்கப் போற?" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பீரங்கி.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதை நான் மறைப்பதும் இல்லை. நாற்பதைத் தாண்டிய பெண் தனக்கென்று ஒரு பொருள் வாங்கினால் அது மிக்ஸியாகவோ கம்மலாகவோதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? பகல் முழுக்க, "கரண்ட் எப்பங்க வரும்?" என்று போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் பிழைப்பு. சாயங்காலம் கரண்ட் போனால் தெருவிளக்கு அணைந்து வானம் நன்றாகத் தெரியுமே என்று உள்ளூரச் சந்தோஷப்படுவது என் பொழுதுபோக்கு. இதை ஆபீசில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

அஸ்கரி பேகம் எங்களுக்கு அடுத்த வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கணவர் நிசார் அகமது கடைவீதியில் மெத்தைக்கடை வைத்திருக்கிறார். அவர் எங்கே போனாலும் சட்டையில் இரண்டு இழை பஞ்சு கூடவே போகும். பெண் ஆஃப்ரினைக் கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் இரண்டு கொல்லைகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு, அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளியும் உண்டு.

அந்த இடைவெளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது என் மகள் பூவிழி கைக்குழந்தை. வீரமணி மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், வேலையை விட்டுவிடலாம் என்று நான் அழுதுகொண்டிருந்தபோது, நிசார் பாய் கடப்பாரையோடு வந்து சுவரை இடித்து வழி பண்ணினார். இடிக்கச் சொன்னது அக்கா. "தெருப்பக்கமா சுத்திகிட்டு வந்தா புள்ள வெயில்ல வாடிப் போகும்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். நான் ஆபீசுக்குப் போன நாளெல்லாம் பூவிழி அந்த வழியாகப் போய் அக்கா மடியில் தூங்கி, அக்கா கையால் தின்று வளர்ந்தாள். இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். இடைவெளியை நாங்கள் அடைக்கவே இல்லை. அதற்காக அக்காவுக்கு நான் ஒருநாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. சொன்னால் "போடி" என்பார் என்று எனக்குத் தெரியும்.

பீரங்கியைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டுப் போன பிறகு, அக்கா அந்த இடைவெளி வழியாக வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுல பிறை தெரியுமா சுகுணா?" என்று கேட்டார்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் பிறை பார்ப்பது என்றால் அது அஸ்கரி அக்காதான். ரமலானுக்கு முந்தின மாதத்தில் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாளே நோன்பு தொடங்கும். தெரியாவிட்டால் அந்த மாதத்துக்கு முப்பது நாள் என்று கணக்கு, நோன்பு ஒருநாள் தள்ளிப் போகும். அன்றைக்கு மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இளவட்டங்கள் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எங்கடா, எங்கடா" என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அக்கா கொல்லையில் நின்றபடியே "அந்தா" என்பார். அவர் விரல் காட்டிய இடத்தில் பிறை இருக்கும். இல்லாத பிறையை ஒருநாளும் அவர் காட்டியதில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தே, "அஸ்கரியம்மா பாத்துட்டாங்களா?" என்று ஆள் அனுப்பிக் கேட்பார். அக்காவுக்குப் பெரிய படிப்பு கிடையாது, மேடையேறிப் பேசியவரும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே அவர் வாயைப் பார்த்து நின்றது. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இருக்கட்டுமே, என்ன குறைந்துவிட்டது?

என் தொலைநோக்கியில் ஒரு விசித்திரம் உண்டு. அடியில் பெரிய கண்ணாடி இருக்கிறது, குழாயின் வாய் வானத்தைப் பார்க்கும். ஆனால் நாம் கண் வைக்க வேண்டிய துளை குழாயின் பக்கவாட்டில் இருக்கிறது. குழாய் மேற்கே பார்க்கும்போது நாம் வேறு பக்கம் திரும்பிக் குனிந்து நிற்போம். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் நேராகப் போய்க் குழாயின் வாயில் முகத்தை விடுவார்கள். அக்கா மட்டும் கைவைத்துத் தடவிப் பார்த்து, எங்கே பார்ப்பது என்று கேட்டுவிட்டுத்தான் குனிந்தார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலங்களில் கொல்லையில் நின்றோம். நிலாவின் பள்ளங்களைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், அம்மை வந்து போன மொகம்" என்றார் அக்கா. சனியின் வளையம் அந்த வருடம் மெலிந்து ஒரு கோடாகத் தெரிந்தது. "ஊசியில கோத்த மணி" என்றார். வியாழனையும் அதன் பக்கத்தில் வரிசையாக நின்ற நாலு நிலாக்களையும் காட்டியபோது மட்டும் கவலைப்பட்டுவிட்டார். "நாலு நிலாவா? அப்ப அங்க எந்தப் பிறையப் பாத்து நோன்பு வெப்பாங்க?" என்று கேட்டார். நிசார் பாயிடம் கேட்டதற்கு, "மொதல்ல அங்க மெத்தை விக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது ஜோடி நட்சத்திரம். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற சில நட்சத்திரங்கள் குழாயில் பார்த்தால் இரண்டாகப் பிரியும். அதில் ஒன்று எனக்கும் செல்லம். பெரியது பொன் நிறம், அதை ஒட்டினாற்போல் சின்னதாக நீலத்தில் இன்னொன்று. "பெருசு அவரு. கடையில கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. சின்னது நானு" என்று அக்கா சிரிப்பார்.

மார்கழியில் அதைப் பார்த்து அப்படிச் சிரித்தவர், தை பிறந்து மறுபடி காட்டியபோது வெகுநேரம் குனிந்தபடியே நின்றார்.

"இன்னிக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

நான் பார்த்தேன். இரண்டும் இருந்தன. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணுதான்டி. அதுவும் கலங்குன தண்ணியில விழுந்தாப்பல இருக்குது."

அப்புறம் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து சொன்னார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. சேலத்துக்குப் போய்க் காட்டியிருக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு லேசர் வைத்தாயிற்று. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிசார் பாயைத் தவிர யாருக்கும் தெரியாது, ஆஃப்ரினிடம்கூடச் சொல்லவில்லை.

"ரமலான் வருது சுகுணா" என்றார். "பெருசு பெருசா இருக்கறதெல்லாம் தெரியுது. மெலிசா இருக்கறதுதான் தெரியமாட்டேங்குது. பிறையவிட மெலிசு எதுடி? 'அந்தா'ன்னு நான் சொல்லலைன்னா ஏன்னு கேப்பாங்க. கேட்டா என்னா சொல்லுவன்?"

எல்லாவற்றுக்கும் வாய் நீளுகிற நான், அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாசி மாதத்தில், நோன்புக்கு முந்தின அந்த இருபத்தொன்பதாம் நாள் வந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அன்று காலையில்தான் அமாவாசை முடிந்திருந்தது. இவ்வளவு இளம் பிறை கண்ணில் படுவது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும்.

"இன்னிக்குத் தெரியறது ரொம்பக் கஷ்டமுங்கக்கா" என்றேன்.

"தெரியறதும் தெரியாததும் நம்ம கையில இல்ல. தேடிப் பாக்கறது நம்ம வேலை. தேடிட்டு இல்லைன்னு சொன்னாலும் அது சாட்சிதான்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன் குழாயில ஒருவாட்டி தேடிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

சூரியன் இறங்கியதும் பீரங்கியை மேற்கே திருப்பினேன். அதன் முதுகில் குறி பார்ப்பதற்கு ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. பளிச்சென்று தெரிகிற ஏதாவது ஒன்றைப் பிடித்து, இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். மேற்கு வானத்தின் உயரத்தில் வெள்ளிக் கிரகம், விளக்கு ஏற்றியதுபோல் நின்றது. அதைப் பிடித்தேன்.

நிலாவைப் போலவே வெள்ளிக்கும் வளர்வதும் தேய்வதும் உண்டு. வெறும் கண்ணுக்கு அது பெரிய நட்சத்திரம்தான். குழாயில்தான் உருவம் தெரியும். அந்த வாரம் அது வெட்டிய நகம்போல வளைந்து, இரண்டு பக்கமும் கூரான கொம்போடு, அச்சு அசலாக ஒரு பிறையாக இருந்தது. இதை அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நினைத்ததோடு சரி.

உள்ளேயிருந்து பால் தீயும் வாசம் வந்தது. குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கையைச் சுட்டுக்கொண்டு, வீரமணி ஊரில் இல்லாத கோபத்தைப் பாத்திரத்தின் மேல் காட்டிக்கொண்டிருந்தபோது, கொல்லையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! ஏங்க! ஏங்க! பாத்துட்டனுங்க! தெரியுதுங்க!"

தொப்பி போட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்த நிசார் பாய்க்கு அது போதாதா? நான் வெளியே வருவதற்குள் அவருடைய மொபெட் தெருவில் இறங்கிப் பள்ளிவாசல் பக்கம் பறந்துவிட்டது.

அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கொம்பு ரெண்டும் கூரா, அப்பிடியே தெரிஞ்சுதுடி. என் கண்ணு என்னக் கைவிடலடி சுகுணா" என்று சொல்லி, என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

நான் அவர் தோளுக்கு மேலாகக் குழாயைப் பார்த்தேன். விட்டுப்போன இடத்திலேயே நின்றது. குனிந்து கண்ணை வைத்தேன். வெள்ளி நகர்ந்து வட்டத்தின் ஓரத்துக்கு வந்திருந்தது. அக்கா பார்த்தது அதைத்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஒருநாள் முன்னால் நோன்பு வைத்தால் என்ன ஆகிவிடும் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் இன்னொன்றும் தோன்றியது. இன்றைக்கு வேறு யார் கண்ணிலும் பிறை படப்போவதில்லை. தர்மபுரிக்கும் அதற்கு அப்பாலும் அரூரிலிருந்து சேதி போகும், பார்த்தது யார் என்று கேள்வி வரும். நாளைக்கு உண்மை வெளியே வந்தால், இல்லாத பிறையைச் சொன்னவள் என்று அக்காவின் பேர் நிற்கும். ஒருநாளும் தவறாத அந்தச் சொல் என் கொல்லையில், என் குழாயால் கெட்டுப்போகும்.

"அக்கா, குழாயத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

"எதுக்குடி?"

"அது எங்க பாக்குதுன்னு தடவிப் பாருங்கக்கா."

அக்காவின் கை துளையிலிருந்து கிளம்பிக் குழாயின் மேல் மெதுவாக ஊர்ந்தது. அதன் வாய் வரைக்கும் போய் அங்கேயே நின்றது. குழாய் மேலே நிமிர்ந்திருந்ததை அந்தக் கை அறிந்துகொண்டது என்று எனக்கும் தெரிந்தது.

"இவ்ளோ ஒசரத்துலயா?" என்றார் தனக்குள்ளேயே. "மொத நாள் பிறை இவ்ளோ ஒசரத்துல நிக்காதே. அது தரையோட தரையா இல்ல இருக்கும்."

"அது பிறை இல்லீங்கக்கா. வெள்ளி."

"வெள்ளிக்குக் கொம்பு இருக்குதா?"

"இருக்குதுங்க. குழாயில பாத்தாத்தான் தெரியும். நான் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டன்."

அக்கா அழவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "வண்டிய எடு" என்றார்.

நிசார் பாய்க்குப் போன் போட்டேன். மணி அவர்கள் வீட்டு ஜன்னலோரத்தில் அடித்தது. மனுஷன் அவசரத்தில் போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஸ்கூட்டியைக் கிளப்பினேன். தெருவில் அதற்குள் சேதி பரவியிருந்தது. "பாத்துட்டீங்களாமே அக்கா!" என்று வாசலுக்கு வாசல் சந்தோஷமாகக் கேட்டார்கள். என் தோளைப் பிடித்திருந்த அக்காவின் கை இறுகிக்கொண்டே வந்தது. நான் வழியெல்லாம் ஒரு பொய்க்கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். தப்பு முழுக்க என்னுடையது, குழாயில் கோளாறு, அக்காவை நான்தான் தப்பாகப் பார்க்க வைத்தேன் என்று அடித்துச் சொல்லிவிட வேண்டும். கண்ணைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பள்ளிவாசல் வாசலில் கூட்டம் நின்றது. நடுவில் நிசார் பாய் வேர்க்க விறுவிறுக்க நின்றார். அவருக்கு எதிரே ஹஜ்ரத். நல்லவேளை, மைக் இன்னும் பேசவில்லை.

"வெறுங்கண்ணால பாத்தாங்களா, கண்ணாடி வழியாவா?" என்று ஹஜ்ரத் கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு உயரத்துல? கொம்பு எந்தப் பக்கம்?"

"தெரியுதுன்னாங்க, கெளம்பி வந்துட்டனுங்க" என்று நிசார் பாய் முழித்தார்.

நான் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "ஏங்க, தப்பு என் மேலங்க! நான்தான் குழாய—" என்று ஆரம்பித்தேன். அக்கா என் கையை அழுத்தினார்.

"இரு சுகுணா. நான் சொல்றன்."

வாசல்படிக்கு வெளியே நின்றபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் பாத்தது பிறை இல்லீங்க. வெள்ளி. குழாயில பாத்தா அது பிறையாட்டந்தான் தெரியுதுங்க, அது எனக்குத் தெரியாது. ஆனா என் கண்ணு நல்லா இருந்திருந்தா ஒருவாட்டி நிமிந்து பாத்திருப்பன், ஏமாந்திருக்க மாட்டன். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க. சக்கரை. யாருகிட்டயும் சொல்லாம மறைச்சி வெச்சிருந்தன். இனிமே என்னால பிறை பாக்க முடியாது. என் பேச்சக் கேட்டு யாரும் நாளைக்கு நோன்பு வெக்க வேணாம்."

நிசார் பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா நேராக நின்றார்.

ஹஜ்ரத்துக்கு வயது அதிகம் இல்லை. ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு, "சரிங்கம்மா" என்றார். "தர்மபுரிக்குப் போன் போடப் போறதுக்குள்ள வந்துட்டீங்க. இதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி கொடுப்பான். எங்க எல்லாரையும் காப்பாத்தினீங்கம்மா" என்றார். அப்புறம் உள்ளே போனார். நாங்கள் திரும்பி வரும் வழியிலேயே ஒலிபெருக்கி பேசியது. இன்று பிறை தென்படவில்லை, நாளை மறுநாள் முதல் நோன்பு.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நான் தேம்பிக்கொண்டிருந்தேன்.

"நீ ஏண்டி அழுவுற? கண்ணு எனக்குத்தான போச்சு" என்றார் அக்கா.

"சொல்லாம விட்டுடலாமான்னு நெனச்சனுங்கக்கா."

"தெரியும். உன் மூஞ்சி சரியாத் தெரியலைன்னாலும் கொரலு தெரியாதா? ஆனா சொன்ன இல்ல." என் கன்னத்தில் லேசாகத் தட்டினார். "பொய்ச் சாட்சிக்காரியா ஆகாம என்னக் காப்பாத்துன. உன்ன மறக்க மாட்டன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவர் என்னைப் பார்த்து, மறக்க மாட்டேன் என்கிறார்.

மறுநாள் சாட்சியே தேவையில்லை. மாதத்துக்கு முப்பது நாள் முடிந்துவிட்டது, பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விடிந்தால் நோன்பு. ஆனாலும் சாயங்காலம் தெருவே எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்குக் கொம்பு முளைத்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அக்கா வீட்டு வாசல் வழியாக வந்தவர்கள் சுவர் இடைவெளியில் வரிசை பிடித்தார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் என் சமையலறை வழியாகவே வந்தார்கள். பெட்டியைக் கட்டில் என்று சொன்ன பாஞ்சாலி முதல் ஆளாக வந்து குழாயின் வாயில் முகத்தை விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டு பெண்கள் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, தங்களுக்கும் சர்க்கரை இருப்பதையும், கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருப்பதையும் சொல்லி, சேலத்தில் எங்கே காட்டினீர்கள் என்று விசாரித்தார்கள். அக்கா பஸ் ஏறும் இடம் முதற்கொண்டு விளக்கமாகச் சொன்னார். கிருஷ்ணகிரியிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த ஆஃப்ரின், ஏன் மறைத்தாய் என்று அம்மாவைத் திட்டிவிட்டு, அதே கையோடு எல்லோருக்கும் டீ போட்டாள்.

சூரியன் மறைந்தது. நான் வெள்ளியை விட்டுவிட்டுக் குழாயைத் தாழ்த்தினேன்.

"அக்கா, வாங்க. கொஞ்ச நேரத்துல பிறை குழாயில வந்துரும். நல்லாப் பெருசாத் தெரியும், இன்னிக்கு நெசமான பிறை" என்றேன்.

அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "அது அப்புறம். பிறைய மொதல்ல வெறுங்கண்ணாலதான் பாக்கணும்."

"அக்கா..."

"என் கண்ணால இல்லடி. நீ பாரு."

நான் குழாயை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தேன். இத்தனை நாளும் லென்ஸ் வழியாகவே வானத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு வெறும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆரஞ்சு நிறம் மங்கி, சாம்பல் ஏறிக்கொண்டிருந்தது. தேடினேன். கண் வலித்தது. அப்புறம் தென்னைக்கு மேலே ஒரு வெளிச்சக் கீற்று, இருக்கிறதா இல்லையா என்பதுபோல.

"அந்தா!" என்றேன். அது அக்காவின் சொல். என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"எங்க?"

"வெள்ளிக்குக் கீழங்க. கொஞ்சம் எடது பக்கம். குப்புராஜ் வூட்டுத் தென்னைக்கு நேர் மேல."

"ஒசரம்?"

கையை நீட்டிப் பார்த்தேன். "தரையில இருந்து ஒரு சாண்கூட வராதுங்க."

"கொம்பு?"

"ரெண்டும் மேல பாத்து இருக்குதுங்க. தொட்டிலாட்டம்."

அக்கா ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினார். மூடிய கண்ணுக்குள் அந்தந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று தோன்றியது. கடைசியில் முகம் மலர்ந்தது. "ஆமா. பிறைதான்" என்றார்.

கூட்டத்தில் யாரோ, "ஏங்கக்கா, சுகுணாக்கா சொன்னா பள்ளிவாசல்ல செல்லுமா?" என்று கிண்டலாகக் கேட்டார்கள்.

"பள்ளிவாசலுக்கு வேணுங்கற சாட்சிய அவங்க பாத்துக்குவாங்க" என்றார் அக்கா. "எனக்கு இவ பாத்தா போதும்."

கையை ஏந்தி, மூடிய கண்ணோடு துவா செய்தார். உதடுகள் வெகுநேரம் அசைந்தன. அதில் கண்ணைத் திருப்பிக் கொடு என்று கேட்டாரா, எனக்குத் தெரியாது. என் மகளின் பேரும் என் பேரும் வந்ததை மட்டும் கேட்டேன். முடித்ததும் இரண்டு கையாலும் தன் முகத்தைத் தடவிக்கொண்டு, அதே கையை நீட்டி என் முகத்தையும் தடவினார்.

"அக்கா" என்றேன். "அன்னிக்குப் பூவிழிக்காக அந்தச் சுவர இடிச்சீங்களே, அதுக்கு நான் ஒருநாளும்..."

"எந்தச் சுவரு?" என்றார் அக்கா. அப்புறம் என் கன்னத்தில் இருந்த கை நின்றது. "ஏண்டி ஈரமா இருக்குது? அழுதுகிட்டு நின்னா பிறை எப்பிடித் தெரியும்? கண்ணத் தொடச்சிட்டு ஒழுங்காப் பாரு. மறையறதுக்குள்ள இன்னொரு வாட்டி சொல்லு."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மேற்கே பார்த்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.